குதிரை ஏறிய நோயாளி
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. புவியியல் மாணவி

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்த வாரத்தில், அதைப் பற்றி மேலும் அறிய நூலகத்திற்குச் சென்றேன். மலையைத் தேடிப் போன எனக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை கிடைத்தது. அவர்தாம் இசபெல்லா பேர்ட் அம்மையார்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1831 அக்டோபர் 15 அன்று ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். சிறு வயது முதலே முதுகுத்தண்டு நோய். பதினெட்டு வயதில் கட்டி ஒன்றை அறுத்து எடுத்தார்கள். அதன் பின்னும் வலியும் தலைவேதனையும் தூக்கமின்மையும் விடவில்லை. வீட்டில் இருந்தால் படுக்கை. வெளியூர் போனால் நலம்! மருத்துவர்களின் அறிவுரைப்படி 1854இல் தந்தை நூறு பவுன் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். திரும்பி வந்து ஒரு நூல் எழுதினார். பெற்றோர் மறைந்தபின் தங்கை ஹென்ரியட்டாவே அவருக்கு எல்லாம்.

நாற்பது வயதில், 1872இல், மீண்டும் கப்பலேறினார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1873இன் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளில் இறங்கியபோதுதான் அவர் வாழ்வு திரும்பியது. அக்கால ஆங்கிலேயப் பெண்கள் இரு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டுத்தான் குதிரையில் அமரவேண்டும். முதுகெலும்பைத் திருகி வைக்கும் அந்த இருப்பு அவருக்குத் தீராத வேதனை. ஹவாய்ப் பெண்களோ இருபுறமும் கால் போட்டு அமர்ந்து பாய்ந்து போனார்கள். அவரும் அப்படி ஏறினார், வலி குறைந்தது. இருபது ஆண்டுகளாக மருந்து செய்யாததை ஒரு சேணம் செய்தது.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் கொலராடோவை அடைந்தார். அது அன்று மாநிலம் ஆகவில்லை, 1876இல்தான் ஆயிற்று. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மலைகள் தடுத்துவிடுவதால் ராக்கியின் கிழக்குச் சமவெளி மழை மறைவுப் பகுதி. கண்ணுக்கு எட்டிய மட்டும் மரமில்லாத, காய்ந்த குட்டைப்புல் நிலம். அதன் விளிம்பில் திடீரென்று சுவர்போல மலை எழும்புகிறது. அங்கே 'பார்க்' என்றால் பூங்கா அன்று. மலைகளுக்கு இடையே விரிந்த புல்வெளிப் பள்ளத்தாக்கு. அப்படிப்பட்ட எஸ்டெஸ் பார்க்கில் ஒரு மரக்குடிலில் தங்கி, மாடு மடக்கும் ஆட்களோடு தாமும் குதிரையில் போய் மாடு மடக்கினார்.

அங்கிருந்துதான் 14,259 அடி உயரமுள்ள லாங்ஸ் சிகரம் ஏறினார். வழிகாட்டி ஜிம் நியூஜென்ட். கரடி தாக்கி ஒரு கண்ணை இழந்தவர். குடியும் முரட்டுத்தனமும் உடையவர், ஆயினும் கவிதை அறிந்தவர். பல இடங்களில் அவர்தாம் அம்மையாரைக் கயிறு கட்டி இழுத்து ஏற்றினார். அம்மையார் இதை மறைக்கவில்லை. இருவருக்கும் இடையே அன்பு இருந்தது. ஆனால் அவரோடு வாழ முடியாது என்பது அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே ஜிம் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்.

பின்னர் பேர்டி என்ற குதிரைமீது, பெரும்பாலும் தனியாகவே சுற்றினார். அந்தப் பருவத்தில் மொத்தம் 800 மைலுக்கு மேல்! இரவில் குடியேறிகளின் குடிசைகளில் தங்கினார். ஒருநாள் பனிப்புயலில் கண்ணீர் உறைந்து இரு இமைகளும் ஒட்டிக்கொண்டன. கையுறையைக் கழற்றி ஒரு கண்ணை விரலால் பிரித்துக்கொண்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டு மேலே போனார்.

இத்தனை துணிவுள்ளவர், டென்வர் நகருக்குள் நுழையும்போது மட்டும் ஒருபக்கமாகத் திரும்பி அமர்ந்துகொண்டார்! நகரைக் கடந்த பிறகே பழையபடி கால் போட்டார். தங்கைக்கு எழுதிய கடிதங்கள் 1879இல் நூலாக வந்தபோது, அவர் ஆண் உடை அணிந்ததாக ஒரு லண்டன் நாளிதழ் எழுதிவிட்டது. கடுங்கோபம் கொண்டு, அடுத்த பதிப்பில் தம் உடையின் படத்தையும் விளக்கத்தையும் சேர்த்தார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பேருந்து நிற்கும் சாலை வரை, பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டியில் வருகிறேன். மாலையில் எங்கள் தெருத் திண்ணைகள் தெரிந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். இறங்கு என்று யாரும் சொன்னதில்லை. அப்பத்தாகூடச் சொன்னதில்லை.

அம்மையாரின் எழுத்தில் எனக்கு ஒவ்வாததும் உண்டு. அவர் ரசித்த புல்வெளிகள் செயென், அரப்பாஹோ மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. அமெரிக்கப் பழங்குடியினரை அவர் இகழ்ச்சியாகவே எழுதினார்.

1880இல் டைபாய்டு காய்ச்சல் ஹென்ரியட்டாவைக் கொண்டுபோயிற்று. தங்கைக்கு மருத்துவம் செய்த ஜான் பிஷப்பையே அடுத்த ஆண்டு, துக்க உடையோடு மணந்தார். ஐந்தே ஆண்டுகளில் அவரும் மறைந்தார். அம்மையார் மருத்துவப் பணிவிடை கற்று, 1889இல் நம் நாட்டுக்கு வந்தார். காஷ்மீரில் கணவர் பெயரிலும், அமிர்தசரசில் தங்கை பெயரிலும் மருத்துவமனைகள் அமைய வழி செய்தார். குதிரையில் லடாக் சென்றார். சையோக் ஆற்றில் குதிரையோடு விழுந்து விலா எலும்பு முறிந்தது. அடுத்த குளிர்காலத்தில் பாக்தாதிலிருந்து டெஹ்ரான் வரை பனியில் சவாரி. 1892இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதற்குமுன் பெண் எவரையும் அக்கழகம் ஏற்றதில்லை. மறு ஆண்டே பெண்களுக்குக் கதவைச் சாத்தியது; மீண்டும் திறந்தது 1913இல்.

அதைக் காண அவர் இல்லை. 1904 அக்டோபர் 7 அன்று எடின்பரோவில் இறந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ எழுபது வயதில், மொராக்கோவின் மலைநாட்டில் பயணம் செய்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது மிக உயரமான கறுப்புக் குதிரை. ஏணி வைத்துத்தான் அதன்மேல் ஏறினாராம்.