ருக்மிணி தேவியும் சுங்குடி முடிச்சும்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய தெரு ஒன்றில் வளர்ந்தவன் நான். சௌராஷ்டிரக் குடும்பங்கள் மிகுந்த பகுதி அது. வீட்டு வேலைகள் ஓய்ந்த பிற்பகலில் பெண்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வெள்ளைத் துணியை மடியில் விரித்து, மிளகளவு இடத்தை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். பேச்சு எங்கெங்கோ போய் வரும். விரல்கள் மட்டும் நிற்காது. ஒரு சேலைக்குப் பல ஆயிரம் முடிச்சுகள். சாயத்தில் தோய்த்து உலர்த்திய பின் நூலை உருவினால், சாயம் ஏறாத இடங்கள் வெண்புள்ளிகளாக மலரும். அதுவே மதுரைச் சுங்குடி.

கடந்த மாதம் நண்பர் ஒருவரின் மகள் என்னைக் காண வந்திருந்தாள். ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு, பெரிய நிறுவனங்களின் வேலையை நாடாமல், சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறாள். சுங்குடித் துணியில் மேற்சட்டை, தோள்பை, துணியாலான காதணி எனப் புதுமையான பொருள்கள். ஒவ்வொன்றிலும் அவளுடைய பெயர் பொறித்த சிறு அட்டை தொங்கியது. முடிச்சுப் போட்டவர் யார் என்று கேட்டேன். இடைத்தரகர் ஒருவர் மூலம் வாங்குவதாகவும், போட்டவரைப் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் அந்தப் பதில் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிரவு, இதே மதுரையில் பிறந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். தாய் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு கொண்டவர். தந்தையின் பணியிட மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராகச் சென்று, இறுதியில் சென்னை அடையாறில், பிரம்மஞான சபையின் நிழலில் நிலைபெற்றது. ஆகவே அவருடைய கலையுணர்வுக்கு மதுரை உரிமை கோர இயலாது. நாட்டியத்தை மறுமலரச் செய்தவர், விலங்குகளுக்காகக் குரல் கொடுத்தவர் என்றே அவரை உலகம் அறியும். நெசவுக்கும் ஆடைக்கும் அவர் செய்தவை அந்தப் புகழில் மறைந்துபோயின. இன்று சுயமாக ஆடை வடிவமைக்கும் இளைஞர்களுக்கு அவர் ஒரு முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது.

1920-இல், பதினாறு வயதில், தம்மைவிட 25 ஆண்டுகள் மூத்தவரான ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளையரை மணப்பதா என்று அன்றைய சென்னை கொதித்தது. அவர் தளரவில்லை. கணவருடன் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். ருஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவுடன் ஏற்பட்ட நட்பு அவருடைய பாதையைத் திருப்பியது. பாலே கற்கத் தொடங்கிய அவரை, சொந்த நாட்டின் கலையைத் தேடுமாறு தூண்டியவர் பாவ்லோவாதான்.

1933-இல் சென்னை மியூசிக் அகாதெமியில் சதிர் நிகழ்ச்சியைக் கண்டார். கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து தேவதாசிப் பெண்கள் தலைமுறைகளாகக் காத்த ஆடல் அது. சமூகம் அதன்மீது இழிவைச் சுமத்தியிருந்த காலம். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். மறு ஆண்டே ஒரு கலைக் கல்விக்கூடத்தை நிறுவினார். பின்னாளில் கலாக்ஷேத்திரம் என்று பெயர் பெற்றது அதுவே.

நாட்டியத்தைக் கையில் எடுத்தவர், மேடையில் உடுத்தும் துணியையும் சேர்த்தே சிந்தித்தார். அதுவரை ஆடிய பெண்கள் காற்சட்டையின்மேல் கனத்த சேலையைச் சுற்றி அணிந்து வந்தனர். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களின் உடை மடிப்புகளை உற்று நோக்கினார். அடையாறில் வாழ்ந்த இத்தாலியத் தையற்கலைஞர் ஒருவரின் உதவியுடன், அரைமண்டியில் அமரும்போது விசிறியாக விரியும் தைத்த உடையை உருவாக்கினார். பகட்டான மினுக்குத் துணிகளை ஒதுக்கி, கையால் நெய்த துணியைத் தேர்ந்தெடுத்தார். இன்று உலகில் எங்கு பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தாலும் அந்தப் பெண் உடுத்தும் உடையில் அவருடைய கைத்தடம் இருக்கிறது.

வேண்டிய துணி கடையில் கிடைக்காதபோது, 1937-இல் கலாக்ஷேத்திரத்திலேயே நெசவு மையம் தொடங்கினார். வடிவமைப்பாளராக அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு இதுவென்று கருதுகிறேன். வேதிச் சாயங்களும் ஆலைத் துணியும் சந்தையை நிறைத்த காலத்தில், பழைய சேலைகளின் அகன்ற கரைகளையும் கோயில் சார்ந்த உருக்களையும் ஆழ்ந்த நிறச்சேர்க்கைகளையும் மீண்டும் தறியேற்றினார். கோர்வை நெசவு அவற்றுள் முக்கியமானது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் நெசவாளருடன் மற்றொருவரும் அமர்ந்து உதவ வேண்டும். வேகம் குறைவு, உழைப்பு அதிகம். இலாபக் கணக்கை மட்டும் பார்ப்பவர் முதலில் கைவிடுவது இத்தகைய நெசவைத்தான். அவர் கைவிடவில்லை. கலாக்ஷேத்திரச் சேலை என்று இன்று கடைகளில் தனிப் பெயருடன் விற்பனையாகும் வகை அந்தப் பிடிவாதத்தின் பயன்.

1944-இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியதில் தொடங்கி, இராமாயணத்தை ஆறு பகுதிகளாக மேடையேற்றியது வரை, ஒவ்வொரு படைப்பிலும் உடையும் நிறமும் அணிகலனும் அவருடைய கண்பார்வையில் உருவாயின. 1945-இல் கணவர் மறைந்தார். பணி நிற்கவில்லை. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். அவர் கொணர்ந்த தனிநபர் மசோதாவே, 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் உருவாக வழிகோலியது. 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை முன்மொழிய விரும்பியபோது, வேண்டாமென்று மறுத்துவிட்டார். அதற்கு மறு ஆண்டு, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் ஊக்கத்துடன் கலம்காரி மையம் ஒன்றைத் தொடங்கினார். தாவரச் சாயங்களையும் மூங்கில் எழுதுகோலையும் கொண்டு துணியில் வரையும் கலை அது. நாட்டின் முதல் குடிமகளாகும் வாய்ப்பைத் துறந்தவர், எழுபத்து நான்காம் வயதில் சாயத்துக்கும் துணிக்கும் நேரம் ஒதுக்கினார். 1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் மறைந்தார்.

இத்துடன் முடித்தால் இது வெறும் புகழுரையாகிவிடும். இந்த வாழ்க்கைக்கு மறுபக்கமும் உண்டு. சதிர் பரதநாட்டியமாகி உயர்சாதி வீடுகளுக்குள் நுழைந்தபோது, அதைக் காத்துவந்த பெண்களில் பெரும்பாலோர் மேடையை இழந்தனர். வழிவழியாக நட்டுவனார்கள் செய்துவந்த நட்டுவாங்கத்தை ருக்மிணி தேவி தம் மாணவியருக்கும் பயிற்றுவித்தார். அது பெண்களுக்குத் திறந்த கதவு. நட்டுவனார் குடும்பங்களுக்கோ கைநழுவிய பிழைப்பு. சிருங்காரத்தை அவர் மட்டுப்படுத்தியதை, அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி கடுமையாக எதிர்த்தார். கலை பிழைத்தது, கலையைச் சுமந்தவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். இதற்கு ருக்மிணி தேவி ஒருவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று. சட்டமும் சமூகமும் காலமும் கூட்டாகச் செய்தது அது. ஆயினும், மீட்டவரின் பெயர் நிலைத்து, காத்தவரின் பெயர் மங்கியது என்ற உண்மை மாறாது.

துணியிலும் இதுவே நடக்கிறது. மதுரை தந்த மற்றொரு மாமேதை எம்.எஸ். சுப்புலட்சுமி. அவர் உடுத்திய பட்டின் நீலம் இன்றும் ‘எம்.எஸ். புளூ’ என்றே அழைக்கப்படுகிறது. அந்த நீலத்தைத் தறியில் கொணர்ந்த காஞ்சிபுரம் முத்துச் செட்டியாரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? உடுத்தியவரின் பெயரால் நிறம் வாழ்கிறது, நெய்தவர் அடிக்குறிப்பாகிவிட்டார்.

சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் கடைவீதியில் சுங்குடி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி அச்சிட்ட புள்ளிகள். கைமுடிச்சுச் சேலை ஒன்றுக்குப் பல நாள் ஆகும். அச்சுக்குச் சில நிமிடங்கள் போதும். விலையில் இரண்டும் போட்டியிட முடியாது. கண்பார்வை மங்கிய மூத்த பெண்களின் விரல்களோடு அந்த நுட்பம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களின் மகள்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். முடிச்சுக்குக் கிடைக்கும் கூலியைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது.

இந்த நிலையில், சுயமாகத் தொழில் செய்யும் இளம் வடிவமைப்பாளர்களே சுங்குடிக்கு எஞ்சியிருக்கும் பெரிய நம்பிக்கை. கைவேலைக்கு உரிய விலையைக் கொடுக்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளரை அவர்களால்தான் அடைய முடிகிறது. பாட்டியின் சேலை என்று ஒதுக்கப்பட்டதை இளம்பெண்கள் விரும்பி அணியும்படி செய்பவர்களும் அவர்களே. ருக்மிணி தேவியின் வாழ்க்கை அவர்களுக்கு இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. ஒன்று, செய்பவரின் அருகில் இருப்பது. அவர் தறியைத் தம் வளாகத்துக்குள் கொண்டுவந்தார்; நூலின் நிறம் முதல் கரையின் அகலம் வரை நெசவாளருடன் சேர்ந்தே தீர்மானிக்க அதனால் வாய்ப்புக் கிடைத்தது. இன்னொன்று, அவருடைய காலம் செய்யத் தவறியது: மீட்கும்போது காத்தவரையும் மேடையில் ஏற்றுவது.

நண்பரின் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பிரசங்கமாகத் தோன்றியிருக்கலாம், பொறுமையாகக் கேட்டாள். அடுத்த வாரம், இடைத்தரகரிடம் விசாரித்து முகவரி பெற்று, என்னையும் அழைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குச் சென்றாள். நான் வளர்ந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. அறுபது வயதைக் கடந்த அம்மையார். தம் முடிச்சுகள் மேற்சட்டையாக மாறியிருப்பதைக் கைப்பேசியில் பார்த்ததும், படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, புள்ளி வரிசையில் இரண்டு இடம் விலகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். துணியைத் தைக்க வெட்டியவர் கவனிக்கவில்லை என்றார். வடிவமைப்பாளரும் கவனித்திருக்கவில்லை.

அட்டையில் உங்கள் பெயரையும் போடட்டுமா பாட்டி என்று அவள் கேட்டாள். அம்மையார் சிரித்தார். பெயரைப் போடுவது உன் விருப்பம்மா, கூலியை வேலை முடிந்த அன்றே கொடுத்துவிட்டால் போதும் என்றார். பிறகு, எந்த உடைக்கு எந்தத் துணி என்று முன்னரே சொன்னால், வெட்டும் இடத்துக்கு ஏற்பப் புள்ளிகளை அமைத்துத் தர முடியும் என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தெளிவு பிறந்தது. அவரிடம் இருந்தது விரல் வேகம் மட்டுமன்று. வடிவமைப்பும் அவரிடமே இருந்தது. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை.

பெயர் பொறிப்பது நன்றே. ஆனால் பெயர் மட்டும் அடுப்பை எரிக்காது. நேரத்துக்குக் கூலி, வடிவமைப்பில் பங்கு, அதன்பின் பெயர் என்ற வரிசைதான் முறையானது. கைவினைக்கென நலவாரியங்களும் திட்டங்களும் வைத்திருக்கும் அரசுகளும் இந்த வரிசையை மனத்தில் கொள்ள வேண்டும். வாங்கும் நாமும், இது யார் கைவேலை என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்கலாம். கேட்பவர் பெருகினால் சொல்பவரும் பெருகுவர்.

நாங்கள் விடைபெறும்போது அம்மையார் ஒரு துண்டுத் துணியை அவள் மடியில் போட்டு, நூல்கண்டைக் கையில் கொடுத்தார். அவள் போட்ட முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவதும் அவிழ்ந்தது. நான் கிளம்பினேன், அவள் கிளம்பவில்லை.