தொப்பிக்குள் ஒரு தோட்டம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்று ஓர் ஊர். அங்கே ஒருவர் தினமும் நான்கு மணி நேரமாவது காடு மேடெல்லாம் நடப்பார். பறித்த செடிகளைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டு வருவார். 'இவ்வளவு படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றுகிறாரே!' என்று ஊரில் சிலர் கேலி செய்தார்கள்.

அவர்தான் ஹென்றி டேவிட் தோரோ. 1817ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி பிறந்தார். அப்பா பென்சில் தயாரித்து விற்பவர். ஹார்வர்டில் படித்துவந்த தோரோ, அந்தப் பென்சில்களை இன்னும் தரமாகச் செய்ய வழி கண்டார். 1845இல் வால்டன் குளக்கரையில் தானே ஒரு சிறு வீடு கட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தனியாக வாழ்ந்தார். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று மறுத்து, 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை காந்தியடிகளையும் கவர்ந்தது.

தோரோவுக்குப் பொறுமை அதிகம். எறும்புகள் சண்டை போட்டால்கூட உட்கார்ந்து பார்ப்பார். ஒரு செடி எந்த நாளில் முதல் பூ பூக்கிறது என்று அறிய, பல மைல் நடந்து அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார். 1852 முதல் 1858 வரை நூற்றுக்கணக்கான செடிகளுக்கு இப்படித் தேதி குறித்தார்.

1860 டிசம்பரில், வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணப் போனவருக்குக் கடும் சளி பிடித்தது. ஏற்கெனவே இருந்த காசநோய் முற்றியது. 1862 மே 6ஆம் தேதி, 44 வயதில் இறந்தார். அந்தத் தேதிகளை வைத்து அவர் செய்ய நினைத்த வேலை முடியவில்லை.

ஆனால், அது வீணாகவில்லை. 150 ஆண்டுகள் கழித்து, பாஸ்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளுடன் அதே காடுகளில் நடந்தார்கள். உலகம் சூடாவதாலும் அருகிலுள்ள பாஸ்டன் நகரம் பெருத்ததாலும் அங்கே வெப்பம் 2 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடியிருந்தது. பல பூக்கள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே மலர்ந்தன. மிகவும் வெப்பமான 2012இல் மூன்று வாரம் முந்திவிட்டன!

தேனீக்களும் சில வண்ணத்துப்பூச்சிகளும் சூட்டை உணர்ந்து சீக்கிரம் வெளியே வருகின்றன. ஆனால், தூரத்திலிருந்து வரும் பறவைகள் பெரும்பாலும் பழைய தேதியிலேயே வருகின்றன. அதற்குள் குஞ்சுகளுக்கு வேண்டிய புழுக்களின் காலம் முடிந்துவிட்டால்? பூ முந்தி, தேனீ பிந்தினால்? பூவுக்கு மகரந்தச் சேர்க்கையில்லை, தேனீக்கு உணவில்லை. தோரோ பார்த்த செடி இனங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இப்போது அந்த ஊரில் கிடைக்கவில்லை. வெப்பத்துக்கு ஏற்பப் பூக்கும் நாளை மாற்றிக்கொள்ளாத செடிகளே அதிகம் குறைந்தன.

குழந்தைகளே, உங்கள் தெரு மரம் என்று பூத்தது? அதில் முதலில் வந்து உட்கார்ந்த பூச்சி எது? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். என்றாவது ஒருநாள் யாரோ அதைத் தேடி வரலாம்.