மன இணைப்பும் வேட்கையும்: இவான் பாவ்லவின் வாழ்வும் ஆய்வும்

புகைப்பழக்கத்தையோ மதுப்பழக்கத்தையோ விட்டுப் பல மாதங்கள் கடந்த பின்னரும், குறிப்பிட்ட ஓர் இடத்தைக் கண்டவுடன் அல்லது குறிப்பிட்ட ஒரு மணத்தை நுகர்ந்தவுடன் வேட்கை திடீரென எழுவதுண்டு. இதனைத் தம் மனவுறுதியின் தோல்வி என்று நோயாளிகள் பலர் கருதுகின்றனர். குடும்பத்தினரும் அவ்வாறே எண்ணிக் கடிந்துகொள்கின்றனர். இந்த வேட்கை எவ்வாறு உருவாகிறது, தணிந்த பின்னும் ஏன் திரும்புகிறது என்பதை விளக்குவதற்கு அடித்தளமிட்டவர் ரஷ்ய உடலியங்கியல் அறிஞர் இவான் பெத்ரோவிச் பாவ்லவ் ஆவார்.

இளமையும் கல்வியும்

பாவ்லவ் 1849ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று ரஷ்யாவின் ரியாசான் நகரில் பிறந்தார். தந்தை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பாதிரியார். சிறுவயதில் உயரத்திலிருந்து கல்தரையில் விழுந்து பலத்த காயமுற்றமையால், பாவ்லவ் 11 வயதில்தான் முறையாகப் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. தந்தையின் வழியிலேயே இறையியல் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்தில், மூளையின் செயல்களை அனிச்சைச் செயல்களாக விளக்கிய இவான் செச்சனவின் நூல் அவரை ஆழமாகக் கவர்ந்தது. பாதிரியாராகும் எண்ணத்தைக் கைவிட்டு, 1870இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலத் தொடங்கினார். பின்னர் மருத்துவமும் கற்றார்.

1881இல் செராஃபிமா என்பவரை மணந்தார். தொடக்க ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. முதல் குழந்தை சிறுவயதிலேயே இறந்தது. இதயத்தை இயக்கும் நரம்புகள் குறித்த ஆய்வுக்காக 1883இல் முனைவர் பட்டம் பெற்றார். 1890இல் இராணுவ மருத்துவக் கல்விக்கழகத்தில் பேராசிரியரானார். மறு ஆண்டில் பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் உடலியங்கியல் துறையை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். அவருடைய முதன்மையான ஆய்வுகள் பல அங்கேயே நடைபெற்றன.

செரிமான ஆய்விலிருந்து மனத்தின் ஆய்வுக்கு

நாய்களுக்கு அறுவை செய்து, செரிமானச் சுரப்பிகள் சுரக்கும் நீரை வெளியே சேகரித்து அளக்கும் முறையைப் பாவ்லவ் செம்மைப்படுத்தினார். இன்றைய நெறிமுறைகளின் அளவுகோலில் கடுமையானவை எனத் தோன்றும் இச்சோதனைகளே செரிமானத்தின் இயக்கத்தைத் தெளிவாக்கின. இப்பணிக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற முதல் ரஷ்யர் அவரே.

இவ்வாய்வின்போது ஓர் இடையூறு தோன்றியது. வாயில் உணவு படுவதற்கு முன்பே நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்தது. உணவைக் கொண்டுவரும் பணியாளரின் காலடி ஓசையே அதற்குப் போதுமானதாக இருந்தது. பாவ்லவ் இதனைப் பிழையென ஒதுக்கிவிடாமல், தம் எஞ்சிய வாழ்நாளின் ஆய்வுப்பொருளாக ஏற்றார். 1903இல் மாட்ரிட் நகரில் நடைபெற்ற பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் இப்புதிய ஆய்வினை அறிவித்தார்.

மெட்ரனோம் என்னும் தாளக்கருவியின் ஓசையைத் தொடர்ந்து உணவளிப்பதைப் பலமுறை செய்தால், பின்னர் அந்த ஓசை மட்டுமே உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும். ஓசைக்கும் உணவுக்கும் இயல்பான தொடர்பு ஏதுமில்லை. இரண்டும் அடுத்தடுத்து வந்தமையால் மூளை அவற்றை இணைத்துக்கொண்டது. உமிழ்நீர் சுரப்பது நாயின் விருப்பத்தால் நிகழ்வதன்று. தேநீர்க் கடையைக் கண்டவுடன் சிகரெட் நினைவு எழுவதும் இத்தகைய இணைப்பே.

ஊசிக்கு முன்பே தோன்றிய விளைவு

போதைப்பொருள் வேட்கையைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு நிகழ்வைப் பாவ்லவ் தம் விரிவுரைகளில் விளக்கியுள்ளார். தாஷ்கெண்ட் நகர ஆய்வகத்தில் கிரிலவ் என்னும் ஆய்வாளர் நாய்களுக்கு நாள்தோறும் மார்ஃபீன் ஊசி போட்டுவந்தார். மார்ஃபீன் செலுத்தியபின் உமிழ்நீர்ப் பெருக்கு, வாந்தி, உறக்கம் ஆகியவை தோன்றும். சில நாள்கள் சென்றபின், ஊசி போடுவதற்கான ஆயத்தங்களைக் கண்டவுடனேயே இவ்விளைவுகள் தோன்றலாயின. மருந்து உடலுக்குள் செல்லவே இல்லை. மருந்து வரும் என்னும் அறிகுறிக்கே உடல் வினையாற்றியது.

பாவ்லவின் மறைவுக்குப் பின், 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆபிரகாம் விக்லர் இக்கருத்தை மனிதர்களிடம் பொருத்திப் பார்த்தார். போதைப்பொருளை விட்டு நெடுநாளாகியும், அதைப் பற்றிப் பேசும்போதே சில நோயாளிகளுக்குக் கண்ணீர் வடிதல், கொட்டாவி முதலிய விலகல் அறிகுறிகள் தோன்றுவதை அவர் கவனித்தார்.

தணிதலும் திரும்புதலும்

ஓசையை மட்டும் எழுப்பி உணவளிக்காமல் விட்டால், உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். ஆனால் சிறிது நேர ஓய்வுக்குப் பின் அதே ஓசையை எழுப்பினால், உமிழ்நீர் மீண்டும் ஓரளவு சுரக்கும். தணிந்த இணைப்பு அழிந்துவிடவில்லை. அடக்கப்பட்டே இருந்தது என்று பாவ்லவ் முடிவு செய்தார். மேலும் இரண்டு உண்மைகளை அவர் கண்டறிந்தார். ஓசையோடு மீண்டும் உணவளித்தால், தணிந்த இணைப்பு விரைந்து உயிர்பெறும். மறுபுறம், தணிக்கும் சோதனையை மீண்டும் மீண்டும் செய்யும்போது, இணைப்பு முன்னைவிட விரைவாகத் தணியும்.

முதல் உண்மை எச்சரிக்கை, இரண்டாவது நம்பிக்கை. ஒரே ஒருமுறை என்று எண்ணிப் பழைய பழக்கத்தைத் தொடுவது ஏன் ஆபத்தானது என்பதை முதலாவது காட்டுகிறது. வேட்கைக்கு இணங்காமல் கடக்கும் ஒவ்வொரு முறையும் பயனுள்ளதே என்பதை இரண்டாவது காட்டுகிறது.

1924ஆம் ஆண்டு வெள்ளம்

புரட்சிக்குப் பிந்தைய பஞ்சத்தில் பாவ்லவின் ஆய்வக நாய்கள் பட்டினியால் மடிந்தன. 1921இல் லெனின் பிறப்பித்த ஆணையால் ஆய்வுகளுக்கு அரசின் சிறப்பு ஆதரவு கிடைத்தது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் ஏற்பட்ட பெருவெள்ளம் ஆய்வகத்துக்குள் புகுந்தது. கூண்டுகளில் சிக்கி உயிருக்குப் போராடிய நாய்கள் கடைசி நேரத்தில் மீட்கப்பட்டன. அதன்பின் சில நாய்கள் முன்பு கற்றவற்றை இழந்தன. அவற்றுள் ஒன்று பல வாரப் பயிற்சியால் தேறியது. ஆயினும் அறைக்கதவின் கீழே சிறிதளவு நீர் கசியவிட்டவுடன் அதன் பழைய கலக்கம் திரும்பியது. கடுமையான மன அழுத்தம் நெடுநாள் பயிற்சியின் பயனைக் குலைக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. துயரம், சண்டை, பணநெருக்கடி ஆகியவற்றின் காலத்தில் கூடுதல் ஆதரவு தேவைப்படுவதும் இதனாலேயே.

பாவ்லவ் முதுமையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 1935இல் ரஷ்யாவில் நடைபெற்ற பன்னாட்டு உடலியங்கியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1936 பிப்ரவரி 27 அன்று நிமோனியாவால் தம் 86ஆம் வயதில் மறைந்தார்.

நோயாளிகள் செய்யத்தக்கவை

• வேட்கை எழும் நேரம், இடம், உடனிருப்போர், மனநிலை ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவைக்கவும். தங்களுக்குரிய தூண்டல்கள் எவை என்பது இதனால் தெளிவாகும்.
• தொடக்க வாரங்களில் அத்தூண்டல்களைத் தவிர்க்கவும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, மதுக் குவளை போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றவும்.
• தவிர்க்க இயலாத தூண்டலுக்குப் புதிய செயல் ஒன்றை இணைக்கவும். உணவுக்குப் பின் புகைத்தவர் உடனே எழுந்து சிறிது தூரம் நடக்கலாம். நாள்தோறும் அதே செயலைச் செய்தால்தான் புதிய இணைப்பு வலுப்பெறும்.
• வேட்கை அலைபோல் எழுந்து தணியும். அது தணியும்வரை நீர் அருந்துதல், மூச்சுப்பயிற்சி, ஒருவருடன் பேசுதல் ஆகியவற்றில் ஈடுபடவும்.
• ஓரிடத்தில் தணிந்த வேட்கை வேறிடத்தில் எழலாம். பயணம், விழா, பழைய நண்பர்களின் சந்திப்பு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே திட்டமிடவும்.

பாவ்லவின் காலத்திலேயே, மதுவோடு மின்னதிர்ச்சியை இணைத்து வெறுப்பூட்டும் சிகிச்சையைக் கன்டரோவிச் என்னும் மருத்துவர் மேற்கொண்டார். தம்மைத் தாமே துன்புறுத்திக்கொள்ளும் இத்தகைய முறைகளை எவரும் வீட்டில் முயலக் கூடாது.

பராமரிப்பாளர்கள் அறிய வேண்டியவை

வேட்கை எழுந்ததாக நோயாளி கூறினால், அதனைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளாமல் உதவி வேண்டுதலாகக் கொள்ளவும். கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் மறைப்பார். மறைக்கப்படும் வேட்கைக்குத் துணை நிற்க எவராலும் இயலாது. ஒருமுறை தவறினாலும், அன்றே மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ தெரிவித்துச் சிகிச்சையைத் தொடர ஊக்கப்படுத்தவும்.

மருத்துவ உதவி

மன இணைப்பு சார்ந்த பயிற்சிகள் மருத்துவச் சிகிச்சைக்குத் துணையே, மாற்று அல்ல. நாள்தோறும் மிகுதியாக மது அருந்துபவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் முதலிய உயிருக்கு ஆபத்தான விளைவுகள் ஏற்படலாம். எனவே மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே நிறுத்த வேண்டும். இந்தியாவில் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட 1800-11-2356 என்னும் எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.