தாண்டாவின் மகள்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடம் ஓடுகிறோம். அப்பிள்ளை பிறர் காணாததைக் காண்கிறது, வரப்போவதை முன்னரே சொல்கிறது என்றால் பெற்றோர் எங்கே ஓடுவது? எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, பேய், உரு, மந்திரம் என்னும் சொற்கள் நம் வீட்டுப் பேச்சில் இன்றும் உண்டு. ஊரார் ஒன்று சொல்ல, உறவினர் வேறொன்று சொல்ல, தாயின் உள்ளம் கலங்கும். அவ்வாறு கலங்குவோருக்கு ஆறுதலாய் அமைவது புனித மரியம் திரேசியாவின் வாழ்வு.

கேரளத்தின் புத்தன்சிறா என்னும் ஊரில், 1876 ஏப்ரல் 26 அன்று, தோமா, தாண்டா தம்பதியரின் மூன்றாவது பிள்ளையாகத் திரேசியா பிறந்தார். ஒரு காலத்தில் செல்வமாக வாழ்ந்த குடும்பம் அது. பாட்டனார் தம் ஏழு பெண்மக்களின் சீதனத்துக்காகக் காணிகளை விற்றதால் வறுமை வந்து சேர்ந்தது. தந்தையும் சகோதரரும் மதுவில் ஆறுதல் தேடினர். பிள்ளைகளைச் செபத்தில் ஊன்றி வளர்த்தவர் தாண்டாவே.

சிறுமி திரேசியாவோ வாரத்தில் நான்கு நாள் உபவாசம் இருந்தார். இரவில் விழித்திருந்து செபித்தார். நாளில் பலமுறை செபமாலை சொன்னார். மெலிந்துபோன மகளைக் கண்ட தாய், கடுந்தவத்தை விடும்படி அன்போடு சொல்லிப் பார்த்தார். மகள் விடவில்லை. தாம் ஊட்டிய பக்தியே தம்மை அஞ்சவைக்கும் அளவுக்கு வளர்ந்ததைக் கண்ட தாய் அவர். திரேசியாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது தாண்டா இறைவனடி சேர்ந்தார். மகளின் பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றது.

பின்னாளில் காட்சிகள், வருவதை உணரும் ஆற்றல், நோயாளரைக் குணமாக்கும் வரம், உடலில் கிறிஸ்துவின் காயங்கள் ஆகியவை திரேசியாவில் விளங்கின. அலகையின் தொல்லைகளும் அவரை வாட்டின. இவை இறைவனிடமிருந்து வந்தவையா என்று அறிய விரும்பிய திருச்சூர் ஆயர் ஜான் மேனாச்சேரி, 1902 முதல் 1905 வரை, பங்குத்தந்தை ஜோசப் விதயத்திலைக் கொண்டு அவருக்குப் பலமுறை பேயோட்டும் செபம் நடத்தச் செய்தார். அதனாலேயே சிலர் அவரைப் பேய் பிடித்தவர் என எண்ணினர். திரேசியா முறையிடவில்லை; பணிந்தார். அந்தப் பங்குத்தந்தையே இறுதிவரை அவருடைய ஆன்ம வழிகாட்டியாக இருந்தார்.

வரங்களை அவர் காட்சிப்பொருளாக்கவில்லை, காயங்களை மறைத்தார். தொழுநோயாளர், அம்மை கண்டோர், நலிந்த குடும்பங்கள் ஆகியோரின் வீடு தேடிச் சென்றார். 1914 மே 14 அன்று திருக்குடும்ப சபையை நிறுவினார். 1926 ஜூன் 8 அன்று, ஐம்பதாம் வயதில், அவர் மறைந்தபோது சபையில் 55 சகோதரிகள் இருந்தனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 அக்டோபர் 13 அன்று அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்புக்குரிய பெற்றோரே, திரேசியாவின் வரங்கள் தாய்வழிச் சொத்து அல்ல. அவை இறைவனின் கொடை. தாண்டா விட்டுச் சென்ற முதுசொம் செபமும் இறையச்சமும்தான். அந்த முதுசொம் இருந்ததால்தான் வரம் அம்மகளைச் செருக்கில் ஆழ்த்தவில்லை. சோதனையும் அவரை உடைக்கவில்லை.

நம் பிள்ளையிடம் விளங்காத ஒன்று தோன்றினால் மந்திரவாதியின் வாசலுக்கு ஓட வேண்டாம். வெட்கி ஒளித்துவைக்கவும் வேண்டாம். முதலில் வைத்தியரிடம் காட்டுவோம். பங்குத்தந்தையிடம் மனந்திறந்து பேசுவோம். எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்த அன்னை மரியாவைப்போல் பொறுமையோடு காத்திருப்போம். இன்று மாலை விளக்கேற்றியதும் பிள்ளையை அருகில் இருத்திச் செபமாலை சொல்வோம். அதுவே நாம் அவர்களுக்கு விட்டுச்செல்லும் உண்மையான சீதனம்.