இந்தூர் உரக்குழி

பருத்தி எடுத்து முடிந்த வயலில் எஞ்சி நிற்பது பருத்திமார். விறகுபோல் கெட்டியான அது எளிதில் மக்காது. மத்திய இந்திய உழவர்கள் அதனை அடுப்பெரிக்கப் பயன்படுத்தினர். மாட்டுச் சாணத்திலும் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்புக்கே சென்றது. மண்ணிலிருந்து எடுத்தது மிகுதி. மண்ணுக்குத் திரும்பியதோ சிறிது. விலை கொடுத்து உரம் வாங்க உழவர்களிடம் பொருளும் இல்லை. இந்நிலைக்கு வழி தேடியவர் ஆல்பர்ட் ஹோவார்டு.

இவர் 1873 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, தாவரவியல் அறிஞராக 1905 இல் பீகாரிலுள்ள பூசா ஆய்வு நிலையத்துக்கு வந்தார். அதே ஆண்டில் காப்ரியேல் என்பவரை மணந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் பயின்ற தாவர அறிஞரே. பூசாவின் புகழ்பெற்ற கோதுமை வகைகள் இவ்விருவரின் உழைப்பால் உருவானவை. ஆயினும், ஹோவார்டின் பெயரை அறிந்தவருள் பலர் காப்ரியேலின் பெயரை அறியார்.

ஆய்வுக்கூடத்துக்குள் அமர்ந்து பயிர்நோயை ஆராய்வது ஹோவார்டுக்கு நிறைவு தரவில்லை. 75 ஏக்கர் நிலத்தைப் பெற்றுத் தாமே பயிரிட்டார். செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இன்றி நல்ல பயிர் விளைவித்த அண்டை உழவர்களைத் தம் ஆசிரியர்களாகக் கொண்டார். கல்வியில் உயர்ந்த ஒருவர் எழுத்தறியாதவரிடம் பாடம் கேட்பது அக்காலத்தில் அரிதாகவே நிகழ்ந்தது.

1924 இல் இருவரும் இந்தூருக்குச் சென்றனர். அங்கே 300 ஏக்கர் கரிசல் நிலத்தில் புதிய ஆய்வு நிலையம் எழுந்தது. எஸ்வந்த் வாட் என்னும் இந்திய வேதியியலாரும் உடன் உழைத்தார். முதற்சிக்கல் பருத்திமாரே. அதனைப் பண்ணைப் பாதையில் பரப்பினர். போகவர மாட்டுவண்டிகளின் சக்கரங்களே அதனை நொறுக்கிவிட்டன! நொறுங்கியதைத் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாக இட்டனர். அது கோமியத்தில் ஊறியது. பின்னர் அதனுடன் இலை, தழை, சாணம், சாம்பல், கோமியம் ஊறிய மண் ஆகியவற்றைக் குழியில் அடுக்கடுக்காக இட்டு நீர் தெளித்தனர்.

குழியின் ஆழம் இரண்டடியே. இதற்குக் காரணம் உண்டு. கழிவை மக்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நீருடன் காற்றும் வேண்டும். காற்றுப் புகாத குவியல் அழுகி நாறும். நுண்ணுயிர்களுக்குத் தேவையான தழைச்சத்து காய்ந்த தண்டில் குறைவு. சாணமும் கோமியமும் அக்குறையை நிரப்பின. சில நாள்களில் குவியல் கைபொறுக்காத அளவு சூடேறியது. மும்முறை கிளறிவிட, ஏறத்தாழ மூன்று மாதங்களில் கெட்டியான தண்டெல்லாம் கருமையான எருவாயிற்று. மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்குமாதலால் தரைமேல் குவித்தனர். விலைக்கு வாங்கிய உரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

இம்முறை இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. தேயிலைத் தோட்டங்களும் கென்யாவின் காப்பித் தோட்டங்களும் இதனை ஏற்றன. கற்றாழையில் நார் எடுத்தபின் ஆலைகளில் மலைபோல் குவிந்த சக்கையும் எருவாயிற்று.

எருவிட்ட மண்ணில் விளையும் பயிரையும், அதை உண்ணும் உயிர்களையும் நோய் அணுகாது என்று ஹோவார்டு உறுதியாக நம்பினார். அறிவியலார் பலர் அந்த அளவுக்கு ஏற்கவில்லை. செயற்கை உரத்தை ஆதரித்தோருடன் அவர் இறுதிவரை வாதிட்டார்.

காப்ரியேல் 1930 இல் மறைந்தார். இந்தூர் முறையை விளக்கும் நூலை ஹோவார்டும் வாடும் 1931 இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் ஹோவார்டு இங்கிலாந்து திரும்பினார். 1947 இல் காலமானார். 1940 இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற வேளாண் நூலை அவர் காப்ரியேலுக்கே படைத்திருந்தார்.