பாட்டுக்காக வழக்குரைத்த தீரர் சத்தியமூர்த்தி

தீரர் சத்தியமூர்த்தி என்னும் பெயரைக் கேட்டவுடன் சிலருக்குச் சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும். வேறு சிலர், காமராசருக்கு அரசியல் ஆசானாய் விளங்கியவர் என்பர். இரண்டும் மெய்யே. ஆயினும், இவ்விழா மலரிலே அப்பெரியாரின் வரலாற்றை எழுதப் புகுந்த நாம், 1928ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே சென்னைச் சட்டசபையில் அவர் ஆற்றிய தொண்டு ஒன்றையே நடுவாகக் கொள்ள விழைகின்றோம். அது பாட்டுக்காக அவர் ஆடிய வழக்கு.

பாட்டைத் தடுக்கும் உரிமை அரசுக்கு உண்டோ என்பது நம் மாணவருக்குப் புதிய வினாவன்று. 1986ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தொலைக்காட்சியொன்றில், பிராங்க் சாப்பா என்னும் ராக் இசைவாணர் பாட்டுத் தணிக்கையை எதிர்த்துத் தனியொருவராய் நின்று வாதிட்டார். பாட்டிலுள்ளவை வெறும் சொற்களே, சொற்களைக் கண்டு அரசு அஞ்சவேண்டுவதில்லை என்பது அவர் கட்சி. அவ்வாதத்தைத் திரையிலே கண்டு வியக்கும் இளைஞர், அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் ஒருவர், தொலைக்காட்சி பரவாத காலத்திலே, ஆளுவோரின் சபையினுள்ளேயே அவ்வழக்கை எடுத்துரைத்தார் என்பதை அறிதல் நன்று. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சாப்பாவின் எதிரிகள் பாட்டிலே ஒழுக்கக்கேட்டைக் கண்டனர். சத்தியமூர்த்தியின் எதிரிகள் கண்டது இராசத்துரோகம். பின்னதற்குச் சிறை உண்டு.

புதுக்கோட்டையை அடுத்த திருமயத்திலே 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வழக்கறிஞர். தந்தையை இளமையிலேயே இழந்த அவர், புதுக்கோட்டையிலும் பின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் கற்று, சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1919ஆம் ஆண்டிலே காங்கிரசுத் தூதுக்குழுவில் ஒருவராய் இங்கிலாந்து சென்று இந்தியரின் கோரிக்கைகளை எடுத்துரைத்தார். ஆங்கிலத்திலும் தமிழிலும் வடமொழியிலும் வல்லவர். இவையெல்லாம் அக்காலத்துத் தலைவர் பலருக்கும் பொருந்துவனவே. அவரை ஏனையோரிலிருந்து பிரித்துக் காட்டுவது பிறிதொன்று: அவர் நாடக நடிகர்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையிலே வழக்கறிஞரும் அலுவலரும் பொழுதுபோக்காக நாடகமாடி வந்தனர். சத்தியமூர்த்தியும் அவர்களோடு கூடி மனோகரன் முதலிய நாடகங்களில் நடித்தவர். தொழில்முறை நடிகரைக் கூத்தாடி என்று இழித்துக் கூறி, அவரோடு சமமாயிருந்து பேசுதற்கும் கற்றோர் நாணிய காலம் அது. அரிதாரம் பூசி, விளக்கொளியிலே நின்று, பாட்டொன்று எழும்போது சபையோர் முகம் மாறுவதைத் தாமே கண்டவராதலின், அவர் அவ்வாறு நாணவில்லை. பாட்டு என்ன செய்யும் என்பதை அவர் நூலிலே படித்தறிந்தவரல்லர்.

அக்காலத்து மேடையிலே பாட்டு என்ன செய்தது என்பதற்கு எசு. எசு. விசுவநாததாசின் வாழ்வே சான்று. வள்ளி திருமண நாடகத்திலே முருகன் வேடந் தாங்கும் அவர், தினைப்புனத்திலே பறவை ஓட்டும் காட்சி வந்ததும், மதுரகவி பாசுகரதாசு யாத்த வெள்ளைக் கொக்குப் பாட்டைப் பாடுவார். கொக்கு எது என்பது கொட்டகையின் பின்வரிசையிலே இருந்த சிறுவனுக்கும் விளங்கிற்று, காவலருக்கும் விளங்கிற்று. 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அரசின் கையிலே ஆயத்தமாயிருந்தது. வேடத்தோடேயே அவர் சிறைப்பட்டதும் உண்டு. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரிலே, மேடையிற் பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாவிதர் குலத்திற் பிறந்தவர் என்பதனால் உடன் நடிக்கவும் மறுத்தோர் உளர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது.

இவையெல்லாம் அக்கரைச் செய்திகள்தாமே, தோட்டவெளியிலிருந்து எழுதும் எமக்கு இவற்றோடு என்ன தொடர்பு என்று அன்பர் வினவக்கூடும். 1914ஆம் ஆண்டு தொடங்கித் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும், அதனோடிணைந்த இரயிலும் பயணிகளை மட்டும் ஏற்றி வரவில்லை. நாடகக் குழுவினரும், ஆர்மோனியப் பெட்டிகளும், கிராமபோன் இசைத்தட்டுகளும் எம் தீவின் வழியாகவே கொழும்புக்குச் சென்றன. கே. பி. சுந்தராம்பாளும் எசு. ஜி. கிட்டப்பாவும் முதன்முதல் இணைந்து நடித்தது கொழும்பிலே என்பர். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. ஆயினும், இரவெல்லாம் வாசாப்புக் கண்டு வளர்ந்த எம் மன்னார் மக்களுக்கு, பாடத் தெரிந்தவனிடம் ஓர் ஊரே கட்டுண்டிருக்கும் என்பதைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

இனி 1928ஆம் ஆண்டிற்கு வருவோம். பாரதியார் மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய சுதேச கீதங்களைப் பாரதி பிரசுராலயத்தார் அச்சிட்டு விற்று வந்தனர். தடை முதலிற் பிறந்தது தமிழ்நாட்டிலன்று, பர்மாவிலே. தமிழர் பல்லாயிரவர் உழைத்து வாழ்ந்த அந்நாடு அன்று பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். அம்மாகாண அரசு அப்பாடல்கள் இராசத்துரோகமானவை எனத் தீர்மானித்துப் பறிமுதல் ஆணை பிறப்பித்தது. ஒரு மாகாணத்திற் பிறந்த அத்தகைய ஆணை இந்தியா முழுவதிலுமுள்ள பிரதிகளைப் பற்றவல்லது என்பது அக்காலச் சட்டம். சென்னை அரசும் அடுத்துத் தானும் தடை விதித்தது. காவலர் புகுந்து நூற்பிரதிகளை அள்ளிச் சென்றனர்.

இதிலே நகைப்புக்கிடமான செய்தி ஒன்றுண்டு. இப்பாடல்களுட் சில, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மக்கள் நாவிலே வழங்கியவை. 1907ஆம் ஆண்டிலே அவற்றுட் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாய் வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் தீவிரவாதியல்லர், மிதவாதி. பின்னர் அதே அரசு அவரை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், அதன்பின் நிர்வாக சபை உறுப்பினராகவும் ஆக்கிற்று. நீதிபதியாகத் தகுந்தவர் கையாலே பரப்பப்பட்ட பாட்டு, இருபது ஆண்டு கழித்துத் திடீரென நஞ்சானது எங்ஙனம் என்பதை நாம் இன்றும் விளங்கிக்கொள்ள இயலவில்லை.

சத்தியமூர்த்தி அப்போது சென்னைச் சட்டசபையிலே சுயராச்சியக் கட்சியின் முன்னணி உறுப்பினர். பறிமுதலைக் கண்டித்து ஒத்திவைப்புப் பிரேரணை கொணர்ந்தார். அக்டோபர் மாதத்திலே அவ்விவாதம் நடந்தது. தம் நாட்டை ஒருவன் தாயென்று பாடுவது எந்த நாட்டிலும் குற்றமன்று. ஆங்கிலேயர் தம் தேசத்தைப் பாடுவதுபோலவே தமிழரும் பாடினர் என்பது அவர் வாதத்தின் ஒரு கூறு. நூல்களைப் பறிக்கலாம், தமிழர் நெஞ்சிலே பதிந்த பாட்டைப் பறித்தல் எவ்வரசாலும் இயலாது என்பது மற்றொன்று. இவ்வாதங்களைப் பிற வழக்கறிஞரும் சொல்லியிருத்தல் கூடும். ஆனால் சத்தியமூர்த்தி அவற்றோடு அமையாது, தடுக்கப்பட்ட பாடல்களை அச்சபையினுள்ளேயே எடுத்துப் பாடிக் காட்டினார். சுகுண விலாச சபையின் நடிகர் அங்கே வெளிப்பட்டார். சபையிலே உறுப்பினர் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே நிகழ்வனவற்றைக் குறித்து அச்சிடுங் கடமை அரசினரையே சார்ந்தது. வீதியிலே பாடினால் குற்றமாவது, அரசின் மாளிகையிலே காவலர் காவலிருக்க அமைச்சர் கேட்க ஒலித்தது.

பிரேரணை பெருவாரியான வாக்குகளால் நிறைவேறிற்று. ஆயினும் அரசைக் கட்டுப்படுத்தும் வலு அதற்கில்லை. இரட்டையாட்சி என வழங்கிய அக்கால முறையிலே கல்வி, சுகாதாரம் போன்றவையே அமைச்சர் கையில் இருந்தன. காவலும் சட்டமும் ஆளுநருக்கென ஒதுக்கப்பட்ட துறைகள். சபை கண்டிக்கலாம், கட்டளையிட இயலாது. சத்தியமூர்த்தி இதனை அறியாதவரல்லர். அறிந்தும் வாதிட்டார். அரசு செய்ததை நாட்டின் பிரதிநிதிகள் ஏற்கவில்லை என்பது ஏட்டிலே பதிவாகவேண்டும் என்பதே அவர் கருத்தாயிருந்திருக்கும் என எண்ணுகின்றோம்.

நெஞ்சிலே பதிந்த பாட்டைப் பறிக்க இயலாது என்பது கேட்பதற்கு இனிது. ஆனால், பாடுகின்ற மனிதனைப் பறிக்கலாம் அல்லவா? சோதனைச் சாவடியிலே ஒலிநாடாவொன்று பையிலிருந்தமைக்கு என்ன விடை சொல்வதென்று நடுங்கிய நாட்களை எம் பகுதியார் மறந்திலர். ஆகவே, அவ்வாதத்திலும் மேலானதாக நாம் மதிப்பது, பாடியவர்க்குப் பின்னே நின்று பேச ஒருவர் சபையிலே இருந்தார் என்பதனையே.

அவரை நாம் குறையற்றவரெனக் கூறமாட்டோம். அதே சட்டசபையிலே, 1927ஆம் ஆண்டு தொடங்கி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் கோயில்களிலே பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். சத்தியமூர்த்தி அம்முயற்சியை எதிர்த்தார். மரபும் கலையும் அழியும் என்னும் அச்சம் அவருக்கிருந்தது. பாட்டுக்கு விடுதலை கேட்ட அவர், அப்பாட்டையும் ஆடலையும் தலைமுறை தலைமுறையாய்க் காத்த பெண்டிரின் விடுதலையைக் காணத் தவறினார். அம்மையார் கேட்ட சட்டம் முழுமையாய் நிறைவேற 1947ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவரை நேசிப்போர் இதனை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். நாம் அவ்வழக்கத்தைப் பின்பற்றவில்லை.

பின்னைய ஆண்டுகளை விரைந்து கூறுவோம். சத்தியாக்கிரகத்திலே சிறை சென்றார். 1934இல் மத்திய சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்டு, தில்லியிலே வினாநேரத்து வீரர் எனப் பெயர் பெற்றார். 1936இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலுக்குச் சுந்தராம்பாளின் குரலைக் காங்கிரசு மேடைக்கு அழைத்து வந்தவரும் அவரே. தலைவர் சிலர் திரைப்படத்தையும் நாடகத்தையும் அருவருத்த காலத்திலே, தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைமையையும் அவர் மனமுவந்து ஏற்றார். அத்தேர்தலிலே கட்சி வென்று அமைச்சரவை அமைத்தபோது அதில் அவருக்கு இடமில்லை. 1939ஆம் ஆண்டிலே வெளிவந்த தியாக பூமி என்னும் படம், காங்கிரசு அமைச்சரவை விலகிய பின்னர் ஆங்கில அரசால் தடுக்கப்பட்டது. பதினோராண்டுக்கு முன் அவர் வாதிட்ட வழக்கு முடிந்துவிடவில்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

1939ஆம் ஆண்டிலே சென்னை நகர மேயரானார். நகரின் நீர்ப்பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அது நிறைவெய்தியபோது அவர் உயிரோடில்லை. 1942 ஆகஸ்டிலே பம்பாய்க் காங்கிரசுக் கூட்டத்திலிருந்து திரும்புகையிற் சிறைப்பட்டு, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்பயணத்திலே முதுகெலும்பு பழுதுற்றது. நோய் முற்றிய நிலையிலே சென்னை பொது மருத்துவமனையில் 1943ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் காலமானார். அகவை 55.

பாரதியார் பாடல்களின் கதை அதன்பின்னும் தொடர்ந்தது. இசைத்தட்டு உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியிலே, 1949ஆம் ஆண்டில், செட்டியார் அவ்வுரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். நூலுரிமையையும் அரசு பெற்றுக்கொண்டது. பாடல்கள் நாட்டுடைமையாயின. 1928இல் காவலரை ஏவி அப்பிரதிகளை அள்ளிச் சென்றதும் சென்னை அரசே. சட்டசபையிலே அவற்றைப் பாடிக் காட்டியவர் மறைந்து அப்போது ஆறாண்டுகள் கழிந்திருந்தன.