எந்த ஊர்க்காரர்? தனிநாயக சுவாமியின் சரித்திரம்



நம் மேனாம்பேட்டில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால், நாம் முதலில் கேட்பது, சொந்த ஊர் எது என்பதே. அம்பத்தூர் தொழிற்பேட்டை எழும்பிய நாள் முதல் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று பல திசைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள் பலர். ஆகையால் இந்தக் கேள்விக்கு நம்மில் பலரிடம் பதில் தயாராக இருக்கிறது. ஆனால் பிறந்த நாட்டில் அந்நியரென்றும், முன்னோர் நாட்டில் அயலாரென்றும் பேர் வாங்கி, பதில் சொல்ல இயலாமல் நிற்கிறவர்களும் உலகத்தில் உண்டு. அவர்களை மனதில் வைத்துக்கொண்டு, இவ்வாரம் ஒரு குருவானவருடைய சரித்திரத்தை உங்களுக்குச் சொல்கிறேன். அவர்தான் சங். சேவியர் தனிநாயக சுவாமி.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைத் தீவில், கரம்பொன் என்னும் கிராமத்தில் 1913-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ம் தேதி அவர் பிறந்தார். யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் படித்து, கொழும்பில் குருமடம் புகுந்து, பின் ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, 1938-ல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய பாஷைகள் அவருக்குக் கைவந்தன. ஆனால் படிப்பெல்லாம் இங்கிலீஷ் வழியாக நடந்ததால், தாய்மொழியாகிய தமிழின் இலக்கியம் மாத்திரம் அவருக்கு அந்நியமாகவே இருந்தது.

இதன் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுக்கு வந்து, நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் அர்ச். தெரேசம்மாள் பள்ளியில் ஆசிரியரானார். ரோமாபுரியில் வேதசாஸ்திரம் படித்துத் தேறிய குரு, அங்கே ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணாக்கராக உட்கார்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தம் மொழியை அறியாதிருப்பதல்லவோ வெட்கம்? கற்றுக்கொள்வதில் வெட்கமென்ன? பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து எம்.ஏ. பட்டமும், அதன்மேல் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்பதே அவர் ஆராய்ந்த பொருள்.

வடக்கன்குளம் என்றதும் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. அவ்வூர்க் கோவிலுக்குள் ஜாதிவாரியாக ஜனங்களைப் பிரித்து நின்ற சுவர், 1910-ல் இடிக்கப்பட்டது. ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டவர்களே ஒருவரையொருவர் அயலாராக வைத்திருந்த காலம் அது. அந்தச் சுவர் விழுந்த ஊரிலேயே, சில பத்து வருடங்கள் கழித்து, தனிநாயக சுவாமி தமிழ் கற்றார்.

கிறிஸ்தவன் என்றால் அந்நியன் என்று சிலர் பேசுவதுண்டு. சுவாமி அதற்குக் கோபத்தால் பதில் சொல்லவில்லை. ஐரோப்பிய நூலகங்களில் தேடித் திரிந்து, அங்கே உறங்கிக் கிடந்த பழைய தமிழ் ஏடுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1554-ல் லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் ஞானோபதேசம், 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் ஆகியவற்றைப் பற்றி அறிஞர்களுக்கு எடுத்துக் காட்டினார். 1679-ல் அச்சான புரோயென்சா சுவாமியின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதியை, வத்திக்கான் நூலகத்துப் பிரதியிலிருந்து 1966-ல் மறுபடி பதிப்பித்தார். இந்திய மொழிகளில் முதன்முதல் அச்சேறியது தமிழே. அந்த வேலையில் நம் மூதாதையரான முத்துக்குளித்துறை விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு. இதை நாம் பெருமையடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. நம்முடைய வேர் இம்மண்ணில்தான் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

1952-ல் தமிழ்க் கலாசாரத்தை உலகத்துக்கு அறிவிக்க இங்கிலீஷில் ஒரு காலாண்டுப் பத்திரிகையை ஆரம்பித்தார். அதே காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் அமர்ந்தார். ஆனால் அவர் பிறந்த தேசத்தில் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான தமிழரை எந்நாட்டினரும் அல்லாதவராக்கிற்று. 1956-ல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று சட்டமாயிற்று. சுவாமி சிங்களரைப் பகைக்கவில்லை. இரு மொழிகளுக்கும் இடமிருந்தால்தான் இரு ஜனங்களும் ஒரே தேசமாக வாழக்கூடும் என்று எழுதியும் பேசியும் வந்தார். அந்தச் சொல் எடுபடவில்லை.

1961-ல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று இந்திய இயல் துறையின் தலைவரானார். 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உண்டாக்கினார். பிரெஞ்சுக்காரரான பிலியோசா தலைவர். செக் நாட்டவரான கமில் சுவலபிலும் நம் சுவாமியும் செயலாளர்கள். தமிழை நேசித்துக் கற்றவர் எத்தேசத்தவரானாலும் இவ்வீட்டில் அவருக்கு இடமுண்டு என்பதை இந்த ஏற்பாடே காட்டிற்று. முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968-ல் சென்னையிலும், மூன்றாவது 1970-ல் பாரிஸிலும் நடந்தன. கணியன் பூங்குன்றனாருடைய பாட்டின் கருத்தை அவர் சென்ற தேசமெல்லாம் எடுத்துச் சொன்னார்.

நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடிற்று. கடைசி நாளில் போலீசார் கூட்டத்தைக் கலைக்கப் புகுந்தபோது உண்டான குழப்பத்தில் பலர் மாண்டார்கள். தமிழைக் கொண்டாடக் கூடியவர்களுக்குத் தங்கள் சொந்த ஊரே பாதுகாப்பில்லாமல் போயிற்று. இத்துயரங்களையெல்லாம் கண்டபின், 1980 செப்டம்பர் 1-ம் தேதி சுவாமி யாழ்ப்பாண மண்ணிலேயே கண்மூடினார்.

அதற்குப்பின் மூண்ட யுத்தத்தில் எத்தனையோ குடும்பங்கள் கடல்கடந்து ஓடின. சிலர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். மெல்போர்னில் பிறந்த அவர்கள் பிள்ளைகள், நாங்கள் ஆஸ்திரேலியரா, தமிழரா என்று பெற்றோரைக் கேட்கிறார்கள். சிலர் நமக்குத் தூரமில்லாத புழல் முகாமில் இருக்கிறார்கள். இந்திய மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும், இந்தியக் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் நம் முகாம்களில் உண்டு. தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஏழைகள் அங்கே இந்தியரென்றும், இங்கே சிலோன்காரரென்றும் அழைக்கப்பட்டார்கள். சட்டம் கொடுக்கவேண்டியதைச் சட்டம்தான் கொடுக்கவேண்டும். ஆனால் அயலார் கொடுக்கக்கூடியதும் ஒன்றுண்டு. அதற்கு எந்தக் கச்சேரியின் முத்திரையும் வேண்டியதில்லை.

ஆகவே, தனிநாயக சுவாமி எந்த ஊர்க்காரர்? கரம்பொன்னார் என்றால் உண்மை; வடக்கன்குளத்தார் என்றாலும் உண்மை; ரோமாபுரியும் கோலாலம்பூரும் அவரைத் தங்களவர் என்று சொல்லலாம். ஓரிடத்தை நேசித்ததால் மற்றோரிடத்தின் மீதுள்ள நேசம் அவருக்குக் குறையவில்லை. தாய்க்குக் கொடுத்த அன்பினால் தமக்கைக்கு உள்ள அன்பு குறைவதுண்டோ?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கட்டும், நல்லது. வீட்டில் தினமும் ஒரு பக்கமாவது தமிழ் வாசிக்கச் செய்யுங்கள். பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் தமிழ் தெரியாத வடநாட்டுத் தொழிலாளியின் மகன் இருந்தால், அவனைப் பரிகசியாமல் நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் புதுமுகம் ஒன்று கடைசி வரிசையில் நின்றால், ஊரைக் கேட்கும் முன் பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள். வடக்கன்குளத்துச் சுவர் கல்லால் ஆனது, இடித்துவிட்டார்கள். நம் மனதிலுள்ளதை நாமேதான் இடிக்கவேண்டும்.

உங்கள் பங்குக் குரு